முதுகில் வைத்த கிளிப்

சார்ஜண்ட் டாசன் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். அஞ்சலை ஒரு கிழவரின் கணுக்கால் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்கதானே மிஸஸ் தாஸ்? எங்களுக்குப் பெரிய உதவி பண்ணியிருக்கீங்க லவ். பாவம், உங்களுக்கே தெரியாது."

லவ் என்று இந்த ஊரில் பால்காரரும் கூப்பிடுவார், பஸ் டிரைவரும் கூப்பிடுவார். சிட்னிக்கு வந்து ஐந்து மாதமாகியும் அந்தச் சொல் அஞ்சலையின் காதில் ஒவ்வொரு முறையும் எங்கோ இடித்தது. அவள் தலையசைத்து, அவர் வந்த காரியத்துக்காகக் காத்திருந்தாள். எதிராளி பேசி முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருப்பது அவளுக்குச் சிறு வயதிலிருந்தே வந்த குணம். ஊரில் அதை அடக்கம் என்றார்கள். இங்கே ஆங்கிலம் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

டாசன் ஒரு சம்மனை நீட்டினார். ஜூன் பதினான்கு, காலை பத்து மணி, பாரமட்டா நீதிமன்றம். "ரெண்டே நிமிஷம். 'இந்தப் படத்தை நான்தான் எடுத்தேன்'னு சொன்னாப் போதும். மிச்சத்தைப் படம் பேசிக்கும்."

ஆஸ்பத்திரிக் கோப்பின் பழுப்பு உறையிலிருந்து அவரே படத்தை உருவி, கணுக்கால் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். ஓர் ஆணின் மார்பு. வலப் பக்கம், காறை எலும்புக்குக் கீழே வெள்ளைப் புள்ளியாகக் குண்டு. அதற்கு இரண்டு விரற்கடை தள்ளி, இரண்டாக விரித்துத் திறந்த ஒரு ஜெம் கிளிப்பின் நிழல்.

"திறந்த கிளிப். அப்படின்னா முன்பக்கம். நெஞ்சுல வாங்கியிருக்கான். எங்க கான்ஸ்டபிள் பையன் ரிட்லி சொன்னபடியே."

அஞ்சலை படத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். அங்கே தட்டச்சு செய்த விதி ஒட்டியிருந்தது: குண்டுக் காயம் முன்பக்கமானால் திறந்த கிளிப், முதுகுப் பக்கமானால் மூடிய கிளிப். தோலில் உள்ள ஓட்டை எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் காயத்தின்மேல் ஒரு கிளிப்பை ஒட்டிவிட்டுப் படம் எடுப்பார்கள். மார்பும் முதுகும் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், எந்தப் பக்கம் என்று காட்ட இந்த ஏற்பாடு. விதிக்குக் கீழே படித்தவர்களின் கையெழுத்துகள். கடைசிக் கையெழுத்து அவளுடையது.

டாசன் போய் வெகுநேரம் ஆகியும் அவள் படத்தைக் கழற்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவளுக்கு நினைவிருந்தது. பிப்ரவரி மாதம், மண்டையைப் பிளக்கும் வெயில். கிரேஸ்டேன்ஸ் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருக்கும் மால்டா நாட்டுக்காரர், பெயர் நாசு பொன்னிச்சி. அந்தப் பெயர் நம்மூர்ப் பெண்பிள்ளையின் பெயர்போல இருந்ததால்தான் மறக்கவில்லை. நரி வருகிறதென்று வேலியோரம் இரண்டு முறை சுட்டிருக்கிறார். அக்கம்பக்கத்தில் யாரோ போலீசுக்குப் போன் செய்துவிட்டார்கள். வந்த இரண்டு கான்ஸ்டபிள்களில் இளையவன் ரிட்லி. பொன்னிச்சி ரைஃபிளைத் தூக்கி நேருக்கு நேர் தன்னைக் குறிபார்த்தார் என்றும், உயிருக்குப் பயந்து சுட்டேன் என்றும் அவன் எழுதிக் கொடுத்தான். கூட வந்தவனும் அதையே எழுதிக் கொடுத்தான். பொன்னிச்சி சொன்னது வேறு. "ரைஃபிளைக் கொட்டகையில் வைத்துவிட்டு வருகிறேன் என்று திரும்பினேன். முதுகில் சுட்டான்." அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் போலீஸ்காரரைக் கொல்ல முயன்றதாக வழக்கு. நிரூபணமானால் பத்து வருடமோ அதற்கு மேலோ.

அன்று படுக்கையில் கிடத்தும்போது, பிலிம் தட்டை அவர் முதுகுக்குக் கீழே செருகுவதற்கு முன்னால், அஞ்சலை கையை உள்ளே விட்டுக் காயத்தைத் தேடியது நினைவிருந்தது. உறை போட்ட கை முழங்கைவரை ரத்தத்தில் நனைந்து வந்தது. அந்தக் கையாலேயே கிளிப்பைப் பிரித்து ஒட்டினாள்.

பிரித்துத்தான் ஒட்டினாள். மலேசியாவில், ஈப்போவில் அவள் வேலை பழகிய ஆஸ்பத்திரியில் விதி நேர் எதிர். 'முதுகு திறந்த வீடு, யாரும் நுழையலாம்' என்று அங்கே ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். முதுகுக்குத் திறந்த கிளிப், நெஞ்சுக்கு மூடிய கிளிப். ஏழு வருடப் பழக்கம். சிட்னிக்கு வந்து அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சுவரில் இருந்ததைப் படித்தாள், கையெழுத்தும் போட்டாள். அவசரத்தில் கை மட்டும் ஈப்போவிலேயே இருந்துவிட்டது.

அவள் வைத்தது முதுகில். படம் சொல்வது நெஞ்சில்.

மற்ற சாட்சியங்கள் எங்கே என்று அவள் விசாரித்தாள். பொன்னிச்சியின் சட்டையைப் போலீஸ் ஒரு பையில் போட்டு எடுத்துப் போயிருந்தது. இப்போது அது காணவில்லையாம். அறுவை செய்த இளம் டாக்டர் குண்டை முன்பக்கம் கீறி எடுத்தார், முதுகுக் காயத்தையும் வெட்டிச் சுத்தம் செய்து தைத்தார். இன்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தழும்பு. எது குண்டு போட்டது, எது கத்தி போட்டது என்று அவர் எழுதி வைக்கவில்லை. அவர் இப்போது நியூ கினியில் ஏதோ மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தார். உறுதியாகச் சொல்ல முடியாது என்று கடிதம் அனுப்பியிருந்தார். ஆகக் கடைசியில் மிஞ்சியது ஒரு கிளிப்தான்.

பிரிவுத் தலைவர் கிளைவ் ஹார்ட் நல்ல மனிதர். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சலை, உன் எக்ஸ்ரே வேலைப் பதிவு இன்னும் தற்காலிகம்தான். ஆறு மாதம் முடிய அஞ்சு வாரம் இருக்கு. படித்துக் கையெழுத்துப் போட்ட விதியை மீறினேன்னு நீயே சொன்னா, பதிவு போர்டுக்கு நான் எழுதித்தான் ஆகணும். பதிவு இல்லைன்னா வேலை இல்லை. வேலை இல்லைன்னா குடியேற்ற ஆபீஸ் என்ன சொல்லும்னு உனக்கே தெரியும்."

"தெரியும்."

"நாலு மாதத்துக்கு முன்னால நடந்தது. நினைவு தப்பா இருக்கலாம் இல்லையா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கை நனைந்த நினைவை நீதிமன்றத்தில் வைக்க முடியாது. அவளுக்கு நினைவு இருப்பதுபோல ரிட்லிக்கும் ஒரு நினைவு இருக்கும். அவள் மறுபடி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கிளிப்பின் நிழல் சின்னதாக, பேனாவால் வரைந்ததுபோலக் கூர்மையாக இருந்தது.

சின்னதாக இருந்தது. அதுதான் விஷயம். சுவரை ஒட்டிக் கையை வைத்தால் நிழல் கையளவே விழும். விளக்குப் பக்கம் கொண்டுபோகக் கொண்டுபோக நிழல் பெருக்கும், ஓரம் மங்கும். பொன்னிச்சி மல்லாந்து கிடந்தார். பிலிம் அவர் முதுகுக்கடியில், கதிர் மேலிருந்து. கிளிப் நெஞ்சில் இருந்திருந்தால் பிலிமுக்கும் அதற்கும் நடுவே ஒரு மனித உடம்பின் தடிமன் இருந்திருக்கும். நிழல் பெருத்து மங்கியிருக்கும்.

நார்த்மீட்டில் அவளும் கணவர் மோகனதாஸும் குடியிருந்தது ஒரு வீட்டின் பின்பாதி. முன்பாதியில் வீட்டுக்கார அம்மா மிஸஸ் பேட்டர்சன். துணி துவைக்கும் அறையில், விளக்குமாற்றுக்குப் பக்கத்தில், அவள் ஒரு ரைஃபிளைச் சாத்தி வைத்திருந்தாள். மறைந்த கணவனுடையதாம், பாம்புக்கு ஆகுமாம். இந்தப் பக்கத்தில் துப்பாக்கி மண்வெட்டி மாதிரி. தூண்டில் கயிறு விற்கிற கடையிலேயே தோட்டாவும் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். போன மாதம் மோகனதாஸும் ஒன்று வாங்கியிருந்தார். ரயில்வே பட்டறையில் வரைபட வேலை. கூட வேலை செய்கிறவர்கள் சனிக்கிழமைகளில் முயல் வேட்டைக்குக் கூப்பிட்டார்கள். "அப்பதான்லா நம்மளையும் ஒரு ஆளா மதிப்பான்" என்று சொல்லி, பளபளக்கிற அந்தச் சின்ன ரைஃபிளைக் குழந்தையைத் தூக்குவதுபோல வீட்டுக்குள் தூக்கி வந்தார். முயல் மட்டும் இதுவரை ஒன்றும் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"சாம்பாரு தீஞ்சிருச்சா?"

"வேலையில."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் துணியைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"சரி. யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. கிளைவுக்கு."

"அந்தாளு வாயைத் திறக்க மாட்டான். நீயும் திறக்காத. 'படம் நீ எடுத்ததா'ன்னு கேப்பான். ஆமான்னு சொல்லு. அது பொய்யா? இல்லையே. அந்தக் கோழிப்பண்ணைக்காரன் நமக்கு என்னா, மாமனா மச்சானா?"

"பத்து வருஷம் உள்ள போவாருங்க."

"நாம ஈப்போவுக்குப் போவோம். அங்க யாரு வேலை வெச்சிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கா? உங்கண்ணனா? போன கடுதாசியிலயே நம்மளை ஏதாச்சும் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கான்."

அஞ்சலை அவர் கையிலிருந்த ரைஃபிளைப் பார்த்தாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு கேட்டாள்.

"இப்ப கதவைத் தட்டுறாங்கன்னு வெச்சிக்குங்க. போலீஸ். ஜன்னல் வழியா உங்களைப் பாத்துட்டான். என்ன செய்வீங்க?"

"போய்க் கதவைத் தொறப்பேன்."

"கையில அதோடயா?"

"பைத்தியமா எனக்கு? இதை உள்ள வெச்சிட்டுத்தான்."

"வைங்க, பாப்போம்."

அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். ரைஃபிளைத் தூக்கி, அலமாரியின் பின்னால் வைப்பதற்காகத் திரும்பினார். வெள்ளை பனியனில் அவர் முதுகு அவளுக்கு நேராக இருந்தது. வலத் தோள்பட்டைக்குக் கீழே பனியனில் ஒரு சின்ன ஓட்டை. தைத்துத் தருகிறேன் என்று இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் அந்த ஓட்டையையே பார்த்தாள்.

அவர் ரைஃபிளை வைத்தார். உடனே திரும்பவில்லை. அலமாரியைப் பார்த்தபடியே நின்றார். சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

"அந்தக் கான்ஸ்டபிளுக்கு என்னா வயசு?" என்றார் கடைசியில், அலமாரியிடம் கேட்பதுபோல.

"இருபத்தி ரெண்டோ, மூணோ."

"பயந்திருப்பான்."

"பயந்திருப்பான். எந்த வீட்டுல எது இருக்கும்னு தெரியாம தெனமும் கதவைத் தட்டுறது லேசுல்ல. அதுக்கு நான் அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா பயந்து சுட்டது ஒண்ணு. அப்புறம் ஸ்டேஷன்ல உக்காந்து, பேனாவை எடுத்து, நெஞ்சுன்னு எழுதுனது இன்னொண்ணு."

மோகனதாஸ் போய் அடுப்பை அணைத்தார்.

மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது, காரின் பின் இருக்கையில் இருபது கிலோ அரிசி மூட்டை உட்கார்ந்திருந்தது. வீட்டில் மனிதன் தடிமனுக்கு வேறு என்ன இருக்கிறது என்று படுக்கும்போது அவள் வாய்விட்டு யோசித்ததை அவர் கேட்டிருக்கிறார்.

"என் நெஞ்சோட அளந்து பாத்துட்டேன். ஒரே தடிமன்தான். மூட்டைக்கு மட்டும் தொப்பை இல்ல."

ஞாயிற்றுக்கிழமையாதலால் எக்ஸ்ரே பிரிவில் ஆள் நடமாட்டம் குறைவு. அவள் பிலிம் தட்டின்மேல் ஒரு திறந்த கிளிப்பை வைத்தாள். அதன்மேல் அரிசி மூட்டையைப் படுக்க வைத்தாள். மூட்டையின் மேல்பக்கத்தில் இன்னொரு கிளிப்பை ஒட்டினாள். மேலே கருவியின் உயரத்தை அன்று இருந்த அளவுக்கே கொண்டுவந்தாள். அப்போது கிளைவ் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நோயாளிக்கு என்ன கோளாறு?"

"மூச்சே விடலை."

அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, மூட்டையின் ஓரத்தைப் பிடித்து நேராக்கினார். "தடிமன் அளந்தியா? எழுதி வை. எத்தனை அங்குலம், எவ்வளவு உயரம், எல்லாத்தையும் எழுதி வை. இல்லைன்னா அவங்க வக்கீல் உன்னைக் கிழிச்சிடுவான்."

படம் வந்தது. அடியில் இருந்த கிளிப் உள்ளபடியே, கூர்மையாக விழுந்திருந்தது. மேலே இருந்த கிளிப் கால் பங்குக்கு மேல் பெருத்து, புகை படிந்ததுபோல ஓரம் கலங்கியிருந்தது. பொன்னிச்சியின் படத்தை நடுவில் மாட்டினார்கள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கிளைவ் அரிசிப் படத்தின் மூலையில் தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட்டார். "போர்டுக்கு நான் எழுதணும். அதை மாத்த முடியாது."

"எழுதுங்க. நானும் எழுதியிருக்கேன்." அவள் கைப்பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினாள். "வந்ததுலேருந்து நான் எடுத்த படம் எல்லாத்தையும் எடுத்துப் பாத்தேன். கிளிப் வெச்சது இன்னும் ஒண்ணே ஒண்ணுதான். உள்ளங்கால்ல ஆணி. அதுல குழப்பம் இல்லை. அதையும் எழுதியிருக்கேன்."

அவர் உறையை வாங்கிக்கொண்டார். வெகுநேரம் அதைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

திங்கட்கிழமை அவள் சார்ஜண்ட் டாசனுக்குப் போன் செய்து சொன்னாள். தப்பு தன்னுடையது, போலீஸ் தவறான படத்தை நம்பிக்கொண்டு நிற்கக்கூடாது என்று உண்மையாகவே நினைத்தாள். அவர், "அப்படியா. கவலைப்படாதீங்க லவ்" என்று போனை வைத்துவிட்டார். மதியத்துக்குள் நேரில் வந்துவிட்டார்.

"சம்மனைத் திருப்பிக் கொடுத்துடுங்க. உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். படத்தை மட்டும் கொடுங்க. ஸ்டேஷன்ல பத்திரமா இருக்கும்."

அஞ்சலை படம் இருந்த உறையை மேசையின் இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"அவர் சட்டையும் பத்திரமா இருக்கட்டும்னுதானே எடுத்துப் போனீங்க?"

டாசன் அவளைப் பார்த்தார். முதன்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மிஸஸ் தாஸ், நீங்க இந்த நாட்டுக்குப் புதுசு. இங்க ராத்திரி உங்க வீட்டுக்குத் திருடன் வந்தா யாரைக் கூப்பிடுவீங்க?"

"உங்களைத்தான். அதனாலதான் நீங்க எழுதுறது நிஜமா இருக்கணும்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை லவ் இல்லை. அவர் காலடிச் சத்தம் தாழ்வாரத்தில் தேயும்வரை அவள் கை உறையின்மேல் அழுத்தியபடியே இருந்தது. பிறகு பொன்னிச்சியின் வக்கீல் ஓக்லியின் எண்ணைத் தேடி எடுத்துச் சுழற்றினாள். ஒரு முறை தப்பான எண் விழுந்தது. வைத்துவிட்டு மறுபடி சுழற்றினாள்.

ஜூன் பதினான்கு. குளிர் காற்று நீதிமன்றப் படிகளில் காகிதங்களை விரட்டிக்கொண்டிருந்தது. படங்களைக் கிளைவ் தன் கையாலேயே கொண்டு வந்தார், யாரிடமும் கொடுக்கவில்லை. மோகனதாஸ் விடுப்புப் போட்டுவிட்டுக் கடைசி வரிசையில், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில், விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பொன்னிச்சி குள்ளமான மனிதர். வலக் கை இன்னும் சரியாகத் தூக்க வரவில்லை. அவர் மனைவி கார்மென் அவர் சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டே இருந்தாள்.

அஞ்சலை கூண்டில் ஏறினாள். ஓக்லி கேட்டார், அவள் சொன்னாள். ஈப்போ விதி, சிட்னி விதி, தன் கையெழுத்து, தன் தப்பு. சுருக்கமாக, வரிசையாக. அரிசி மூட்டை என்றதும் மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்தினார்.

"அரிசியா?"

"ஆமாம் ஐயா. இருபது கிலோ."

"பிறகு அதை என்ன செய்தீர்கள்?"

"சமைச்சுச் சாப்பிடுறோம், ஐயா. இன்னும் முக்கால்வாசி இருக்கு."

யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. ஒல்லியான, சளி பிடித்த மனிதர். தன் கோப்பிலிருந்து ஒரு ஜெம் கிளிப்பை உருவி உயர்த்திப் பிடித்தார். "இது அரசாங்கக் கிளிப். உங்கள் ஆஸ்பத்திரியிலும் இதே பெட்டிதானா?"

"இதே பெட்டிதான், ஐயா. அதைப் பிரிச்சா அந்தப் பெரிய வளைவு அப்படியே இருக்கும். அதை மட்டும் வெச்சுப் பார்த்தாப் போதும்."

அவர் எழுந்து, மேடையை விட்டு இறங்கி, ஜன்னலுக்குப் போனார். அவர் எழுந்ததால் எல்லாரும் எழ வேண்டியதாயிற்று. ஓக்லி பொன்னிச்சியின் படத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தார். மாஜிஸ்திரேட் கிளிப்பைப் பிரித்து, நிழலின்மேல் பொருத்தினார். மூக்கு படத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். கிளிப் நிழலுக்குள் இறங்கி உட்கார்ந்தது. வெளியே வெள்ளை விளிம்புகூடத் தெரியவில்லை. அரிசிப் படத்தில் அடிக் கிளிப்பின்மேல் வைத்தார். அதே பொருத்தம். மேல் கிளிப்பின்மேல் வைத்தார். சுற்றிலும் நிழல் பிதுங்கியது.

அவர் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தார்.

போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்தார். "மூன்று வாரத்தில் ஒரே ஒரு விதியைப் பின்பற்ற முடியாதவர் நீங்கள். அப்படித்தானே?"

"அன்னைக்கு, ஆமாம்."

"படித்ததாகக் கையெழுத்துப் போட்டீர்கள்."

"போட்டேன்."

"அந்தக் கையெழுத்தையே நம்ப முடியாது என்கிறபோது, உங்கள் படத்தை இந்த நீதிமன்றம் எப்படி நம்பும்?"

அஞ்சலை அவசரப்படவில்லை. மாஜிஸ்திரேட் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளிப்பை நான் தப்பா வைக்கலாம், ஐயா. வெச்சேன். நிழல் தப்பா விழாது."

வக்கீல் உட்கார்ந்தார். கான்ஸ்டபிள் ரிட்லியை இரண்டு மணிக்கு மறுபடி விசாரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் சாப்பாட்டுக்கு எழுந்தார்.

தாழ்வாரத்தில், நீண்ட பெஞ்சின் ஒரு முனையில் ரிட்லி தனியாக உட்கார்ந்திருந்தான். சிவந்த காது, நகத்தைக் கடித்த விரல். டாசன் டெலிபோன் தேடிப் போயிருந்தார். அஞ்சலைக்குக் கால் வலித்தது. வேறு இடமில்லாததால் மறுமுனையில் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் ஏறக்குறைய கால் வட்டம் நகர்ந்தது.

"உங்களுக்கு வேலை போயிடுமா?" என்றான் ரிட்லி, தரையைப் பார்த்தபடி.

"தெரியலை. போனாலும் போகும்."

"நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஆமா."

"அப்புறம் எதுக்கு?"

அவள் யோசித்தாள். நியாயம், சட்டம் என்று பெரிய சொற்கள் வந்தன. எதுவும் வாயில் நிற்கவில்லை.

"நான் வெச்ச கிளிப் அது" என்றாள்.

அவன் மறுபடி நகத்தைக் கடித்தான்.

இரண்டு மணிக்கு ரிட்லி கூண்டில் ஏறினான். மாஜிஸ்திரேட்டே கேட்டார். "சுட்ட நொடியில் நீங்கள் பார்த்தது அவருடைய முகத்தையா, முதுகையா?"

ரிட்லி வாயைத் திறந்தான். மூடினான். முன் வரிசையில் டாசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாஜிஸ்திரேட் அவசரப்படுத்தவில்லை. கார்மெனின் விரல் பொத்தானில் நின்றுபோனது.

"துப்பாக்கியைப் பார்த்தேன், ஐயா. துப்பாக்கியை மட்டும்தான் பார்த்தேன்."

"முகத்தை?"

"பார்க்கவில்லை."

"அப்படியானால் உங்கள் வாக்குமூலத்தில் 'நேருக்கு நேர்' என்பதை எழுதியது யார்?"

"கையெழுத்து என்னுடையது, ஐயா." சற்றுப் பொறுத்து, "சொற்கள் ஸ்டேஷனில் கிடைத்தன" என்றான்.

மூன்றரை மணிக்குப் பொன்னிச்சியை விடுவித்தார்கள். மேல் நீதிமன்ற விசாரணைக்கு அனுப்பும் அளவுக்கு ஆதாரமில்லை என்றார் மாஜிஸ்திரேட். காகிதங்கள் மேலிடத்துக்குப் போகும் என்றார். மேலிடத்துக்குப் போன காகிதங்கள் என்ன ஆகும் என்று ஓக்லிக்குத் தெரிந்திருந்தது. படியிறங்கும்போதே அவர் அதைச் சொல்லிவிட்டார்.

"நாங்களா போலீஸ் மேல ஒரு வழக்குப் போடாம இது நகராது. ரெண்டு வருஷம் ஆகும், மூணும் ஆகலாம். மறுபடி நீங்க கூண்டில ஏறணும். இன்னைக்கு மாதிரி இருக்காது. அவங்க தயாரா வருவாங்க."

கார்மென் அஞ்சலையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தாள். பொன்னிச்சி இடக் கையால் தொப்பியைக் கழற்றி நின்றார்.

அஞ்சலை கிளைவைப் பார்த்தாள். போர்டின் பதில் அவர் கோட்டுப் பையில் இரண்டு நாளாக இருந்தது. தீர்ப்பு வந்த பிறகுதான் அவளிடம் காட்டியிருந்தார். கண்டிப்புடன் கூடிய எச்சரிக்கை, தற்காலிகப் பதிவு இன்னும் ஒரு வருடம், இன்னொரு தவறு நேர்ந்தால் ரத்து. ஒரு வருடம் முழுக்கக் கத்தி முனையில் நிற்க வேண்டும்.

அவள் மோகனதாஸைப் பார்த்தாள். ரைஃபிளை அவர் விற்கவில்லை. சுட உதவும் அதன் போல்ட்டைக் கழற்றி, தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அவளிடம் கொடுத்திருந்தார். கல்யாணக் கோட்டின் பொத்தானை அவிழ்த்துவிட்டு மூச்சு விட்டார்.

"என்னா பாக்குற? சொல்லு. நான் இன்னொரு மூட்டை அரிசி வாங்கி வெக்கிறேன்."

"வர்றேன்" என்றாள் அஞ்சலை ஓக்லியிடம். "எந்த வருஷமானாலும் வர்றேன்."

சாயங்கால வேலை நாலரைக்கு. கிளைவின் காரில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.